வெளிநாட்டில் இருந்தபடியே வருமான வரி நோட்டீஸை எதிர்கொள்வது எப்படி?

மேலப்பாளையத்திலிருந்தோ ஏர்வாடியிலிருந்தோ வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவருக்கு வரும் வருமான வரி நோட்டீஸ், பான் கார்டு எடுத்த காலத்தில் கொடுத்த பழைய மின்னஞ்சலிலோ ஆடிட்டரின் மின்னஞ்சலிலோ கிடந்து, பதிலுக்கான கெடு முடிந்த பிறகே கண்ணில் படுவதுண்டு. ஆகவே முதலில் வருமான வரித் துறையின் இணையதளத்தில் நுழைந்து மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் உங்களுடையதாக மாற்றுங்கள். வெளிநாட்டு எண்ணையே பதியலாம். 2019 அக்டோபர் முதல் துறையின் கடிதங்களுக்கு ஆவண அடையாள எண் உண்டு. அந்த எண்ணை அதே தளத்தில் சரிபார்க்காமல் எந்தக் கடிதத்துக்கும் பணம் கட்ட வேண்டாம்.

அடுத்து, நோட்டீஸ் குறிப்பிடும் ஆண்டில் நீங்கள் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தீர்கள் என்று கணக்கிடுங்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன், ஏப்ரல் முதல் மார்ச் வரையான ஆண்டில் 182 நாளுக்குக் குறைவாக இங்கே தங்கியிருந்தால், பொதுவாக அவர் அங்கே ஈட்டி அங்கேயே பெற்ற சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. (இந்திய வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டுவோருக்கு நாள் வரம்பு வேறு.) சேமிப்புக் கணக்கில் விழுந்த பெருந்தொகையைப் பற்றிக் கேள்வி வந்தால், முத்திரை விழுந்த பாஸ்போர்ட் பக்கங்கள், சம்பளச் சான்று, பணம் அனுப்பிய ரசீது, வங்கிக் கணக்குப் பட்டியல் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி அனுப்புங்கள். ஆவணம் இல்லாத நீண்ட விளக்கக் கடிதம் அதிகாரியிடம் எடுபடாது.

நம் பகுதியில் அதிகம் சிக்கலாவது வயல் விற்பனைதான். கிராமப்புற விவசாய நிலம் மூலதனச் சொத்து அல்ல என்பதால், அதை விற்ற லாபத்துக்கு வரி இல்லை. விற்றவர் துபாயில் இருந்தாலும் இதில் மாற்றமில்லை. கிராமப்புறம் என்பதைத் தீர்மானிப்பது பத்திரத்தில் உள்ள ஊர்ப்பெயர் அன்று, நகராட்சி எல்லையிலிருந்து நேர்கோட்டில் அளந்த தூரம். திருநெல்வேலி மாநகராட்சியின் மக்கள்தொகை ஒரு லட்சத்துக்கு மேல், பத்து லட்சத்துக்குள் இருப்பதால், அதன் எல்லையிலிருந்து 6 கிலோமீட்டருக்கு அப்பால் நிலம் இருக்க வேண்டும். அம்பாசமுத்திரம் போன்ற சிறு நகராட்சிக்கு 2 கிலோமீட்டர் போதும். சாலை வழியாக வளைந்து போகும் தூரம் கணக்கில் வராது. எனவே சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு, எந்த எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்று தெளிவாகக் குறிக்கும் வட்டாட்சியர் சான்றையும் வாங்குங்கள். அடங்கலில் சாகுபடிப் பயிர் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பல ஆண்டுகளாகத் தரிசு என்று எழுதியிருந்தால் விவசாய நிலம் என்ற வாதம் தளர்ந்துவிடும்.

உங்கள் பதிலுக்குப் பிறகு வரும் உத்தரவில் இருப்பது கணக்கீட்டுப் பிழை மட்டும் என்றால் திருத்த மனு போதும். உத்தரவு பிறந்த நிதியாண்டு முடிந்து நான்கு ஆண்டுக்குள் அதைக் கொடுக்கலாம். அதிகாரியின் முடிவே தவறு என்றால், உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீட்டு ஆணையரிடம் 35ஆம் படிவத்தை இணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும். கட்டணம் அதிகபட்சம் 1,000 ரூபாய். தாமதமானால் காரணத்தைச் சான்றோடு எழுதிப் பொறுத்தருளக் கோரலாம். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது வரி வசூலை நிறுத்திவைக்க, கேட்ட வரியில் 20 சதவீதத்தைக் கட்டச் சொல்வதே துறையின் வழக்கம். பழைய ஆண்டுகளின் வழக்குகள், புதிய வருமான வரிச் சட்டம் வந்த பிறகும், 1961ஆம் ஆண்டின் பழைய வருமான வரிச் சட்டப்படியே நடக்கும்.

ஊரில் அண்ணனுக்கோ மாமாவுக்கோ பவர் எழுதிக் கொடுத்தால், தூதரகத்தில் சான்றளிக்கப்பட்ட அந்தப் பத்திரம் இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். ஆவணம் சேகரிக்க உறவினர் போதும். வாதாடுவதை எழுத்துப்பூர்வ அதிகாரம் பெற்ற ஆடிட்டரிடம் விடுங்கள். கடவுச்சொல்லையும் ஓடிபியையும் இருவரிடமும் கொடுக்க வேண்டாம். சாதகமான உத்தரவு வந்ததும், இணையதளத்தின் நிலுவைப் பட்டியலிலிருந்து அந்தத் தொகை நீங்கியதா என்று பாருங்கள். நீங்கவில்லையென்றால் உத்தரவின் நகலை இணைத்து, உத்தரவை நடைமுறைப்படுத்தக் கோரி அதிகாரிக்கு எழுதுங்கள்.