ஃபர்னஸ் பற்றி எரிந்து உடனே நிற்கிறதா? முதலில் நேரத்தைப் பாருங்கள்

வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் நின்றுபோகிறது என்றால், எதையும் கழற்றுவதற்கு முன் தீ பற்றியதிலிருந்து அணையும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். சில நொடியில் அணைவதும் பல நிமிடம் எரிந்து அணைவதும் வேறு வேறு கோளாறுகள். கூடவே, ஃபர்னஸ் கதவில் இருக்கும் சின்னத் துளை வழியாக, அதை இயக்கும் மின்னணுப் பலகையான கன்ட்ரோல் போர்டின் விளக்கு எத்தனை தடவை சிமிட்டுகிறது என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். கதவைத் திறந்தால் மின்சாரம் நின்றுவிடும், சில போர்டுகளில் அந்தக் கணக்கும் அழிந்துவிடும், அதனால் எண்ணிய பிறகே திறக்க வேண்டும். எண்ணுக்கான விளக்கம் பெரும்பாலும் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும்.

சில நொடியில் அணைந்தால் என் முதல் சந்தேகம் ஃப்ளேம் சென்சார் மேல்தான். தீக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய கம்பி அது. தீயின் வழியே அதில் ஓடும் சில மைக்ரோஆம்ப் மின்னோட்டத்தை வைத்துத்தான் தீ எரிகிறது என்று போர்டு தெரிந்துகொள்கிறது. கம்பியில் படலம் படிந்துவிட்டால் மின்னோட்டம் குறைந்து, தீ நன்றாக எரிந்துகொண்டிருந்தாலும் போர்டு கேஸை மூடிவிடும், மறுபடி முயலும், சில முறை தோற்றதும் அப்படியே நின்றுவிடும். பிரேக்கரை அணைத்து, கேஸ் வால்வை மூடி, ஆறவிட்டு, சென்சாரைப் பிடித்திருக்கும் திருகை எடுத்து, கம்பியை மெல்லிய ஸ்டீல் உல்லால் லேசாகத் தேய்த்துத் துணியால் துடையுங்கள். சொரசொரப்பான உப்புத்தாள் வேண்டாம், கீறலில் அழுக்கு இன்னும் சீக்கிரம் சேரும். அடியில் இருக்கும் பீங்கான் சட்டென உடையும், பார்த்துப் பிடியுங்கள்.

பல நிமிடம் எரிந்து, பர்னர் அணைந்த பிறகும் காற்று மட்டும் வந்துகொண்டே இருந்தால் அது சூடு மிஞ்சியதன் அடையாளம், சூடு அளவு மீறினால் பர்னரை அணைக்கும் லிமிட் சுவிட்ச் தன் வேலையைச் செய்திருக்கிறது. காற்று ஃபில்டரை மாற்றுங்கள், மூடிய காற்றுத் துவாரங்களைத் திறந்துவிடுங்கள். புது ஃபில்டரே மிக அடர்த்தியானதாக இருந்தாலும் இதே தொல்லை வரும். தயவுசெய்து அந்த சுவிட்சை மட்டும் நேரடியாக இணைத்து ஏமாற்றாதீர்கள், தீ விபத்தைத் தடுப்பதே அதுதான்.

பிளாஸ்டிக் குழாயில் புகை வெளியேறும் வகையா? அப்படியானால் வெளியே குழாயின் வாயைப் பனியோ இலையோ அடைத்திருக்கிறதா, தண்ணீர் வடியும் குழாய் அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், புகை சரியாக வெளியேறுகிறதா என்று கவனிக்கும் பிரஷர் சுவிட்ச் இந்த இரண்டிலுமே ஃபர்னஸை நிறுத்திவிடும். வீட்டின் சூட்டை அளக்கும் தெர்மோஸ்டாட்டில் நீங்கள் கேட்ட சூடு வந்த பிறகுதான் நிற்கிறது என்றால், அது சூடான காற்று படும் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

தீ மஞ்சளாக அலைபாய்ந்தாலோ, கரி படிந்திருந்தாலோ ஃபர்னஸை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். கேஸ் வாடை அடித்தால், கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறினால், வீட்டில் இருப்பவர்களுக்குத் தலைவலி வந்தால், எதையும் தொடாமல் எல்லோரும் வெளியேறி அங்கிருந்து போன் செய்யுங்கள். சென்சாரைத் துடைத்தும் சில வாரங்களிலேயே பழைய கதை திரும்பினால், மறுபடி துடைக்காமல், எர்த் இணைப்பையும் தீயின் மின்னோட்டத்தையும் அளந்து பார்க்கச் சொல்லி டெக்னீஷியனிடம் கேளுங்கள்.