நிறுத்திய காருக்குள் கரடி: எந்தக் கரடி என்று அறிவதும் காரைக் காப்பதும்

வட அமெரிக்க மலைப்பூங்காக்களுக்கு முதல்முறை கிளம்புகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கரடி எதிரே வந்துவிட்டால் என்ன செய்வது? நியாயமான கேள்வி. ஆனால் பலர் கரடியைக் கண்ணால் காணாமலேயே திரும்பிவிடுகிறார்கள். கரடியிடம் மாட்டிக்கொள்வது இரவில் நிறுத்திவைத்த அவர்களுடைய கார். விடிந்து பார்த்தால் கதவின் மேல்விளிம்பு வெளிப்பக்கம் மடங்கியிருக்கும், கண்ணாடி நொறுங்கியிருக்கும், இருக்கையின் பஞ்சு தரையில் கிடக்கும்.

இதற்கு ஊருக்கு ஊர் விதி வேறு. கலிபோர்னியாவின் யோசெமிட்டி பூங்காவில் இரவில் காருக்குள் உணவு வைப்பது குற்றம். யெல்லோஸ்டோன் பூங்காவிலோ பூட்டிய காரை உணவு வைக்கும் இடமாக ஏற்றுக்கொள்கிறார்கள். கனடாவின் சர்ச்சில் ஊரில் காரைப் பூட்டாமல் விட்டுச் செல்வதே வழக்கம். அங்கே எந்தக் கரடி வாழ்கிறது, அது மனிதர்களிடமிருந்து என்ன கற்றுக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே இந்த வேறுபாடு. அதனால் கரடியை அடையாளம் காண்பதிலிருந்து தொடங்கிக் காருக்கு வருவோம்.

படி 1: முதலில் வரைபடம்

உருவத்தை ஆராய்வதற்கு முன் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

கலிபோர்னியா மாநிலக் கொடியில் கிரிஸ்லி கரடி இருக்கிறது, காட்டில் இல்லை. அங்கே கடைசியாகச் சுட்டுக் கொல்லப்பட்ட கிரிஸ்லியின் ஆண்டு 1922. ஆகவே யோசெமிட்டியிலோ டாஹோ ஏரிக்கரையிலோ நீங்கள் காண்பது அமெரிக்கக் கருங்கரடி மட்டுமே. கொலராடோவில் கடைசி கிரிஸ்லி 1979-இல் கொல்லப்பட்டது. அங்கும் இன்று கருங்கரடிதான். கிழக்கே கிரேட் ஸ்மோக்கி மலைகளிலும் அப்படியே. யெல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன், கிளேசியர், கனடாவின் பான்ஃப் ஆகிய இடங்களில் கருங்கரடி, கிரிஸ்லி இரண்டும் உண்டு. அடுத்த படிகள் உண்மையில் தேவைப்படுவது அங்கேதான். அலாஸ்காவில் இரண்டோடு வடகடற்கரையில் துருவக் கரடியும் சேர்ந்துகொள்ளும். துருவக் கரடியை அடையாளம் காண யாருக்கும் பாடம் வேண்டியதில்லை.

கிரிஸ்லி தனி இனம் அன்று என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் வாழும் பழுப்புக் கரடியின் வட அமெரிக்க உள்நாட்டு வகைதான் அது. அலாஸ்காவின் கடற்கரையில் சால்மன் மீன் தின்று பெருத்திருப்பவையும் அதே பழுப்புக் கரடிகளே.

படி 2: நிறத்தை நம்பாதீர்கள்

புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். கருங்கரடி கறுப்பாக மட்டும் இருப்பதில்லை. மேற்கு மாநிலங்களில் பழுப்பு, செம்பழுப்பு, வெளிர்மஞ்சள் நிறக் கருங்கரடிகள் சர்வசாதாரணம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடலோரக் காடுகளில் வெண்ணிறக் கருங்கரடிகூட உண்டு. கிரிஸ்லியும் பொன்னிறத்திலிருந்து ஏறத்தாழக் கறுப்பு வரை எதுவாகவும் இருக்கலாம். பருமனும் உதவாது. நன்றாகத் தின்று கொழுத்த ஆண் கருங்கரடி, இளம் கிரிஸ்லியைவிடப் பெரிதாகத் தெரியும்.

படி 3: தோளிலிருந்து தொடங்குங்கள்

இருநோக்கி ஒன்று கையில் இருக்கட்டும். யெல்லோஸ்டோனில் கரடிக்கும் உங்களுக்கும் இடையே குறைந்தது 91 மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. வெறுங்கண்ணால் அந்தத் தொலைவில் காதின் வடிவம் தெரியாது.

முதலில் தோள். கிரிஸ்லியின் முன்னங்கால்களுக்கு மேலே ஒரு திமில் புடைத்திருக்கும். அது கொழுப்பன்று, தசை. கிழங்கும் வேரும் தேடி மண்ணைத் தோண்டுவதற்கான பலம் அங்கிருந்துதான் வருகிறது. கருங்கரடிக்குத் திமில் கிடையாது. நான்கு காலில் நிற்கும்போது அதன் பின்பகுதியே உடலின் உயரமான இடமாகத் தெரியும். ஒரு எச்சரிக்கை: தலையைத் தாழ்த்திப் புல் மேயும் கருங்கரடிக்கும் சில கோணங்களில் திமில் இருப்பதுபோல் தோன்றும். அது நிமிர்ந்து நடக்கும்வரை பொறுத்திருங்கள்.

அடுத்து முகம். பக்கவாட்டில் பாருங்கள். கருங்கரடியின் நெற்றியிலிருந்து மூக்கு நுனி வரை கோடு ஏறக்குறைய நேராக இறங்கும். கிரிஸ்லிக்குக் கண்களுக்கு இடையே அந்தக் கோடு உட்குழிந்திருக்கும். கருங்கரடியின் காதுகள் உயர்ந்து நிமிர்ந்திருக்கும். கிரிஸ்லியின் காதுகள் குட்டையாக, வட்டமாக, பெரிய தலைக்குப் பொருந்தாதவைபோல் இருக்கும்.

கடைசியாக நகம். கிரிஸ்லியின் முன்னங்கால் நகங்கள் 5 முதல் 10 சென்டிமீட்டர் வரை நீளும், வளைவு குறைவு, பெரும்பாலும் வெளிர்நிறம். கருங்கரடியின் நகங்கள் 5 சென்டிமீட்டருக்கும் குறைவு. கருமையாக, கொக்கிபோல் வளைந்திருக்கும். முன்னது தோண்டவும் பின்னது மரமேறவும் அமைந்தவை. காரின் கதவு விளிம்பில் மாட்டி இழுப்பதற்கும் அந்தக் கொக்கி நகம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

ஓர் அடையாளத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். திமில், முகம், காது, நகம் ஆகிய நான்கில் குறைந்தது மூன்று ஒத்துப்போக வேண்டும் என்பது என் கணக்கு.

படி 4: கரடி போய்விட்டது, தடம் இருக்கிறது

காரைச் சுற்றியுள்ள ஈரமண்ணில் முன்னங்கால் தடம் கிடைத்தால் நல்லது. கரடிக்குப் பெரிய விரல் வெளிப்பக்கமும் சிறிய விரல் உட்பக்கமும் இருக்கும். மனிதக் காலுக்கு நேர்மாறு. வெளிப்பக்கப் பெருவிரலின் அடிப்பகுதியில் தொடங்கி, உள்ளங்கால் மெத்தையின் மேல்விளிம்பைத் தொட்டுச் செல்லும் ஒரு நேர்கோட்டை மனத்தில் வரையுங்கள். சிறுவிரலின் பெரும்பகுதி கோட்டுக்கு மேலே இருந்தால் கிரிஸ்லி, கீழே இருந்தால் கருங்கரடி. கிரிஸ்லியின் விரல்கள் நெருக்கமாக, ஏறத்தாழ ஒரே வரிசையில் பதியும், நகக்குறிகள் விரல்களிலிருந்து நன்றாக விலகி முன்னால் தெரியும். கருங்கரடியின் விரல்கள் வில்லாக வளைந்து பரவியிருக்கும். பின்னங்கால் தடத்துக்கு இந்தக் கோட்டுக் கணக்கு பொருந்தாது.

படி 5: கரடியின் மூக்கால் காரைப் பாருங்கள்

யோசெமிட்டியில் 1998-இல் மட்டும் ஏறத்தாழ 1,600 கரடிச் சம்பவங்கள் பதிவாயின. 2001 முதல் 2007 வரை உடைக்கப்பட்ட 908 வாகனங்களை ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, நிறுத்தப்பட்டிருந்த எண்ணிக்கைக்குப் பொருந்தாத அளவில் மினிவேன்கள் மாட்டியிருப்பது தெரிந்தது. குழந்தைகளோடு வருபவர்களின் வண்டி அது. இருக்கை இடுக்குகளில் பிஸ்கட் தூளும் சிந்திய பழச்சாறும் நிச்சயம். வண்டியின் அமைப்பு உடைக்க எளிதாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் முன்வைத்த இன்னொரு விளக்கம். குழந்தை இருக்கையைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு முதல் விளக்கமே போதும் என்று நினைக்கிறேன்.

கார் உடைப்பது பிறவிக்குணம் இல்லை. ஒரு முறை பலன் கிடைத்தால் கரடி மறுபடியும் முயலும். தாயோடு திரியும் குட்டிகளும் அதைப் பார்த்துப் பழகும். யோசெமிட்டியில் பல பத்தாண்டுகளாக நடந்தது அதுதான். யெல்லோஸ்டோனில் வலிமை மிக்க கிரிஸ்லி இருந்தும் அங்கே கார் பாதுகாப்பான பெட்டியாகக் கருதப்படுவதற்குக் காரணம், அங்குள்ள கரடிகளிடையே இந்தப் பழக்கம் வேரூன்றாததே.

பூட்டாத கதவு கரடிக்கு ஒரு பொருட்டே இல்லை. கைப்பிடியைப் பல்லாலோ பாதத்தாலோ இழுத்தால் திறந்துவிடும். பூட்டியிருந்தால் கண்ணாடியை உடைக்கும், அல்லது கதவின் மேல்சட்டத்தில் நகத்தை மாட்டிக் கீழே வளைத்துவிடும். டிக்கிக்குள் வைத்துவிட்டேன் என்று நிம்மதி அடையாதீர்கள். பின்னிருக்கையைக் கிழித்து அந்த வழியாகவே டிக்கிக்குப் போகும். கோடையின் முடிவிலிருந்து குளிர்கால உறக்கம் வரை அதன் பசி பன்மடங்காகும். ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை தின்னும். அந்த மாதங்களில் ஒரு சூயிங்கம் பொட்டலம்கூடச் சின்ன விஷயம் இல்லை.

படி 6: காரைக் காலி செய்யுங்கள்

பகல் வெளிச்சத்திலேயே செய்யுங்கள். உணவை எல்லோரும் எடுத்துவிடுவார்கள், விட்டுப்போவது மற்றவை. பற்பசை, சோப்பு, உதட்டுத் தைலம், சன்ஸ்கிரீன், குழந்தையைத் துடைக்கும் ஈரத்தாள், நாய் உணவு, வாசனைத் தொங்கட்டான், காலியான குளிர்பான டின், கசக்கி எறிந்த உணவகப் பை. கரடியின் மூக்குக்கு இவை எல்லாம் உணவுதான். முன்னிருக்கைக்கு எதிரே உள்ள சிறு பெட்டியையும் கதவுப் பைகளையும் துழாவுங்கள். காலிக் குளிர்பெட்டியையும் வெளியே தெரியும்படி வைக்காதீர்கள்: அது எதற்கான பெட்டி என்று பழகிய கரடிக்குப் பார்த்தாலே தெரியும்.

எடுத்தவற்றை எங்கே வைப்பது? யோசெமிட்டியில் முகாம்களிலும் மலையேற்றப் பாதைகளின் தொடக்கத்திலும் இரும்புப் பெட்டகங்கள் இருக்கின்றன. வாசனையுள்ள எல்லாவற்றையும் அதில் வைத்துத் தாழ்ப்பாளை முழுதாகப் போடுங்கள். மீறினால் 5,000 டாலர் வரை அபராதம் விதிக்கலாம். பகலில் கண்ணாடிகளை முழுதாக ஏற்றிய காருக்குள் வைக்க அனுமதி உண்டு, இருட்டிய பிறகு இல்லை. யெல்லோஸ்டோனில் காருக்குள் வைக்கலாம், ஆனால் கதவும் கண்ணாடியும் மூடியிருக்க வேண்டும். டாஹோ ஏரிக்கரையிலோ கொலராடோவிலோ வீடு வாடகைக்கு எடுத்திருந்தால் எல்லாவற்றையும் வீட்டுக்குள் கொண்டுபோய்விட்டுக் காரைப் பூட்டுங்கள்.

'பூட்டாமல் விட்டால் கண்ணாடியாவது மிஞ்சும்' என்று சிலர் சொல்வார்கள். நான் ஏற்கமாட்டேன். உள்ளே ஏறிய கரடிக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டால் கண்ணாடியைவிட அதிகம் போய்விடும். சர்ச்சிலின் கதை வேறு. அங்கே கதவைத் திறந்து வைப்பது கரடிக்காக அன்று, தெருவில் துருவக் கரடி வந்துவிட்டால் நடந்துபோகும் மனிதர் பக்கத்துக் காருக்குள் பாய்ந்து தப்பிக்கத்தான்.

கரடி விரட்டும் மிளகாய்த் தெளிப்பானைப் பற்றியும் ஒரு வார்த்தை. யெல்லோஸ்டோனில் அதைக் கையில் வைத்திருக்கச் சொல்வார்கள், யோசெமிட்டியில் அதற்கு அனுமதி இல்லை. வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் விடாதீர்கள். சூட்டில் வெடித்தால் அந்த காரில் நீங்களே உட்கார முடியாது.

படி 7: கரடி உள்ளேயே இருந்தால்

சரிவாலோ காற்றாலோ கதவு மூடிக்கொண்டால், ஏறத் தெரிந்த கரடிக்கு இறங்கத் தெரியாது. வெளியேற வழி தேடிக் கதவின் உட்புறத்தையும் கூரைத் துணியையும் கிழித்தெறியும். ஹாரன் விடாமல் ஒலிக்கலாம். கியர் நகர்ந்து கார் உருண்ட சம்பவங்களும் உண்டு. வெயில் நேரமானால் கரடியின் உயிருக்கே ஆபத்து: 2022-இல் டென்னசியில் இப்படி ஏறிய ஒரு கருங்கரடி சூட்டில் இறந்துபோனது.

கதவை நீங்கள் திறக்க வேண்டாம். குழந்தைகளையும் நாயையும் வீட்டுக்குள் அனுப்பிவிட்டு அவசர உதவி எண்ணான 911-ஐ அழையுங்கள். பூங்காவுக்குள் என்றால் ரேஞ்சர்கள் எனப்படும் பூங்காக் காவலர்கள் வருவார்கள். கைப்பிடியில் நீளமான கயிற்றைக் கட்டித் தொலைவிலிருந்து கதவை இழுத்துத் திறப்பது அவர்கள் வழக்கம். கரடி எந்தப் பக்கம் ஓட வேண்டுமோ அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டு நில்லுங்கள். தொலைக்கட்டுப்பாட்டுச் சாவியால் டிக்கியைத் திறந்துவிடலாமே என்று தோன்றும்; உதவிக்கு வந்தவர்கள் சொல்லாமல் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள்.

கரடி போன பிறகு, எதையும் ஒதுக்கும் முன் எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள். அமெரிக்காவில் விலங்குகளால் வரும் சேதத்துக்கு முழுமைக் காப்பீடுதான் பொதுவாகப் பணம் தரும், மோதலுக்கு மட்டும் எடுத்த காப்பீடு தராது. பிறகு இருக்கை இடுக்குகளைச் சுத்தமாகத் துடைத்து, உடைந்த கண்ணாடிக்கு மறைப்பு போட்டு, அன்றிரவு காரை வேறு இடத்தில் நிறுத்துங்கள். சாப்பாடு கிடைத்த இடத்துக்கு அந்தக் கரடி திரும்ப வரும்.