இரும்பை அணு அணுவா பிரிச்சு வைக்கிறது: லேப்ல செய்ற முறை

ஒற்றை அணு வினையூக்கினு (உலோக அணுக்கள் கூட்டமா சேராம தனித்தனியா உட்கார்ந்து வினையை வேகப்படுத்தற பொருள்) சொன்னாலே பெரிய மெஷின் வேணும்னு பயந்துடுறாங்க, உண்மையில செய்றது ஈஸி, அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு போய் ஒட்டிக்காம பாத்துக்கறதுதான் கஷ்டம். 2011ல சீனாவோட டாலியன்ல ஜாங் தாவ் குழு இரும்பு ஆக்சைடு மேல பிளாட்டினத்தை இப்படி வச்சு காட்டின பிறகுதான் இந்த பேரே பரவுச்சு. நமக்கு பிளாட்டினம் கட்டுப்படியாகாது, அதனால இரும்பு.

ஜிங்க் நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட் 1.19 கிராம், அயர்ன் அசிட்டைல்அசிட்டனேட் 20 மில்லிகிராம் (ஆசைப்பட்டு அள்ளி போடாதீங்க), ரெண்டையும் 30 மிலி மெத்தனால்ல கரைங்க. 2-மெத்தில்இமிடசோல் 1.31 கிராமை 15 மிலி மெத்தனால்ல தனியா கரைச்சு இதுல ஊத்தி ராத்திரி முழுக்க கலக்க விடுங்க, எல்லாமே ஃப்யூம் ஹூட்லதான் (ஆவியை உறிஞ்சி வெளிய தள்ற கூண்டு மேஜை). இங்க ஜிங்கும் இமிடசோலும் சேர்ந்து உருவாகற இசட்ஐஎஃப்-8ங்கற நுண்துளை படிகம் ஒரு கூண்டு மாதிரி, உள்ள 11.6 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மீட்டர்ல ஆயிரம் கோடியில ஒரு பங்குதான் ஒரு ஆங்ஸ்ட்ராம்) இடம் இருக்கு ஆனா வாசல் 3.4தான், இரும்பு மூலக்கூறோ 9.7 கிட்ட. கட்டிலை உள்ள வச்சிட்டு வீட்டை கட்டின மாதிரி, அப்புறம் வெளிய வர வழியே இல்ல. சென்ட்ரிஃபியூஜ் பண்ணி மெத்தனால்ல கழுவுங்க, மேல நிக்கிற மெத்தனால் ஆரஞ்சு கலர் போய் தெளிவாகற வரைக்கும். நான் முதல் தடவ ரெண்டு கழுவுலயே நிறுத்திட்டேன், வெளிய ஒட்டியிருந்த இரும்பெல்லாம் சூட்டுல உருண்டு திரண்டு துகளாயிடுச்சு, ஒரு வார வேலை வீண்.

காஞ்ச பொடியை மூடி போட்ட செராமிக் போட்ல (படகு வடிவ சின்ன பாத்திரம்) வச்சு, ட்யூப் ஃபர்னஸ்ல ஆர்கான் ஓட விட்டு 900 டிகிரி செல்சியஸ், நிமிஷத்துக்கு 5 டிகிரி ஏத்தி, 3 மணி நேரம். கூண்டு கருகி நைட்ரஜன் கலந்த கார்பனாகும், இரும்பு அந்த நைட்ரஜனைப் பிடிச்சு தனித்தனியா நிக்கும். ஜிங்க் 907ல கொதிக்கும், ஆர்கான் ஓட்டத்துல அதுக்கு முன்னாடியே ஆவியா கிளம்பிடும், ட்யூபோட குளிர்ந்த முனையில சாம்பல் நிறத்துல ஒரு வளையம் படிஞ்சிருந்தா சரியா போயிருக்குனு அர்த்தம். முழுசா ஆறாம திறக்காதீங்க, சூடான கார்பன்ல காத்து பட்டா எரிஞ்சிடும்.

முதல்ல காந்தம் காட்டி பாருங்க. பொடி துள்ளி வந்தா இரும்பு சேர்ந்துடுச்சு. துள்ளலைன்னா பாஸ்னு இல்ல, எக்ஸ்ஆர்டியும் (எக்ஸ்-ரே வச்சு படிக அமைப்பை பாக்கற சோதனை) அப்படித்தான், சின்ன க்ளஸ்டர் அதுல தெரியாது. அணு வரைக்கும் காட்டற எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல தனித்தனி வெள்ளைப் புள்ளி தெரிஞ்சா சந்தோஷம், ஆனா அது நீங்க பாத்த அந்த ஒரு மூலை மட்டும்தான். மொத்த பொடிக்கும் எக்ஸாஃப்ஸ் (எக்ஸ்-ரே உறிஞ்சுதலை வச்சு ஒரு அணுவுக்கு பக்கத்துல எது இருக்குனு சொல்ற சோதனை) வேணும், இரும்பு-நைட்ரஜன் பீக் 1.5 ஆங்ஸ்ட்ராம் கிட்ட இருக்கணும், 2.2 கிட்ட வர இரும்பு-இரும்பு பீக் இருக்கக்கூடாது. இந்தியாவுல இதுக்கு இந்தூர் இண்டஸ்-2 சின்க்ரோட்ரான் (ரொம்ப வலுவான எக்ஸ்-ரே தர பெரிய இயந்திரம்) இருக்கு.

இதை ஆக்சிஜன் ரிடக்‌ஷனுக்கு (ஃப்யூயல் செல்ல ஆக்சிஜன் எலெக்ட்ரானை வாங்கற வினை) யூஸ் பண்ணலாம். 5 மில்லிகிராம் பொடி, 1 மிலி ஐசோப்ரொப்பனால்-தண்ணி, பொடியை ஒட்ட வைக்க கொஞ்சம் நாஃபியான் (ஒரு பாலிமர்), அரை மணி சோனிகேட் பண்ணி, அதாவது ஒலி அலையால கலக்கி (ஐஸ்ல வச்சு, இல்லனா சூடாகிடும்), சுழல்ற எலெக்ட்ரோடு மேல ஒரு சொட்டு விட்டு காய வைங்க. 0.1 மோலார் கேஓஹெச்ல (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) ஆக்சிஜன் நிரப்பி, எலெக்ட்ரோடை 1600 ஆர்பிஎம்ல சுத்த விட்டு ஓட்டுங்க, நைட்ரஜன்லயும் ஒரு தடவ ஓட்டி அந்த கரன்டை கழிச்சிடுங்க. எதிர் எலெக்ட்ரோடா பிளாட்டினம் கம்பி மட்டும் வேண்டாம், கிராஃபைட் ராட் போடுங்க, ஏன்னா கரைஞ்சு வர துளி பிளாட்டினம் உங்க இரும்பு மேல படிஞ்சா ரிசல்ட் பிரமாதமா வரும், ஆனா அது இரும்போட வேலையா இருக்காது.