படப்பிடிப்பில் கண்டினியூட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திரைப்படக் காட்சிகள் கதையின் வரிசைப்படியே படமாக்கப்படுவது அரிது. நாயகன் தெருவில் நின்று கதவைத் தட்டுவதை இன்று எடுத்துவிட்டு, அவன் வீட்டுக்குள் நுழைவதை இரண்டு மாதம் கழித்து செட்டில் எடுப்பார்கள். இரண்டும் ஒரே நொடியில் நடந்தவை என்று பார்வையாளர் நம்ப வேண்டும். இப்படி ஷாட்டுக்கு ஷாட் விவரங்கள் மாறாமல் பார்த்துக்கொள்வதே கண்டினியூட்டி. அதற்கான குறிப்புகளைத் தமிழ்ப் படப்பிடிப்புகளில் பெரும்பாலும் ஓர் உதவி இயக்குநரே எழுதுகிறார்.

இன்று அதிகம் நடக்கும் தவறு, கைபேசியில் எடுக்கும் புகைப்படங்களை மட்டும் நம்பியிருப்பதுதான். மேசையில் டம்ளர் எங்கே இருந்தது என்பதைப் படம் காட்டும். எந்தச் சொல்லைப் பேசும்போது நடிகர் அதை எடுத்தார் என்பதைக் காட்டாது. "அப்பா வரட்டும், பேசிக்கலாம்" என்ற வசனத்தில், 'வரட்டும்' என்றதும் வலது கையால் டம்ளரை எடுக்கிறார் என்று வசனத்துக்கு நேரே எழுதி வைக்க வேண்டும். மதிய உணவுக்குப் பிறகு குளோசப் எடுக்கும்போது அவர் இடது கையால் எடுத்துவிட்டால், அந்த டேக்கில் முகபாவம் எவ்வளவு நன்றாக அமைந்திருந்தாலும், எடிட்டர் அதை ஒதுக்க நேரிடலாம். கண்டினியூட்டி பிசகினால் உண்மையில் வீணாவது நல்ல நடிப்புதான்.

பொருள்களோடு கவனத்தை நிறுத்திக்கொள்வதும் தவறே. 2019இல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் ஒரு காட்சியில் காபிக் கோப்பை தெரிந்தபோது, பிறகு கணினி வழியாக அதை நீக்கிவிட முடிந்தது. ஓடி வந்தவரின் மூச்சிரைப்பு அடுத்த ஷாட்டில் காணாமல் போனாலோ, அழுது சிவந்த கண்கள் தெளிந்திருந்தாலோ சரிசெய்வது அவ்வளவு எளிதல்ல. தோற்றமும் அப்படித்தான்: 'ஜஸ்டிஸ் லீக்' (2017) படத்தின் மறுபடப்பிடிப்பின்போது, வேறொரு படத்துக்காக ஹென்றி கேவில் வளர்த்திருந்த மீசையைக் கணினியால் அழித்தார்கள், அவருடைய மேலுதடு இயல்பாக இல்லாததைப் பலரும் கண்டுகொண்டார்கள்.

தொலைக்காட்சித் தொடர்களில் நாள்தோறும் அத்தியாயம் தந்தாக வேண்டிய அவசரத்தில் சின்ன விவரங்களே முதலில் நழுவுகின்றன. காலையில் மொட்டாக வைத்த மல்லிகைச் சரம் மாலையில் விரிந்துவிடும். ஒரே உரையாடலின் இரு ஷாட்டுகளில் இரண்டும் மாறி மாறி வந்தால் கண் உறுத்தும். ஆகவே நீளமும் முடிச்சும் ஒத்த மாற்றுச் சரத்தை எடுத்து வைப்பது நல்லது.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, தவறைக் கண்ட உதவியாளர் இயக்குநரின் கோபத்துக்கு அஞ்சிப் பேசாமல் இருப்பது. விளக்குகளை இடம் மாற்றுவதற்கு முன்பே, "சார், இந்த டேக்கில் கை மாறியிருக்கிறது" என்று சொல்லிவிட வேண்டும். அது தெரிந்தால் இயக்குநர் இன்னொரு டேக் போகலாம். அல்லது எதிரில் இருப்பவரின் ரியாக்‌ஷன் ஷாட் ஒன்றைக் கூடுதலாக எடுத்து, அந்த இடத்தில் வெட்டிக்கொள்ள எடிட்டருக்கு வழி செய்யலாம்.