12ம் 12ம் ஒன்றல்ல: வேர்ல்டு சீரிஸ் எம்விபியை எண்களால் அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர் வேர்ல்டு சீரிஸ், முதலில் நான்கு ஆட்டம் ஜெயிப்பவருக்குக் கோப்பை. 1960 வேர்ல்டு சீரிஸில் நியூயார்க் யாங்கீஸ் வீரர் பாபி ரிச்சர்ட்சன் தன் மட்டையால் 12 ரன்களை வரவைத்தார். ஸ்கோர் அட்டையில் ஆர்பிஐ என்று ஒரு பத்தி இருக்குமே, அதில் 12. அறுபத்து நான்கு வருஷம் கழித்து, 2024ல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் ஃபிரெடி ஃபிரீமன் அதே 12ஐ எடுத்து அந்தச் சாதனையைச் சமன் செய்தார். இருவருக்குமே தொடரின் மிகச் சிறந்த வீரருக்கான எம்விபி விருது கிடைத்தது. அட்டையை மட்டும் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

ஆனால் ரிச்சர்ட்சனின் 12ல் பாதி, அதாவது 6, ஒரே ஆட்டத்தில் வந்தது. மூன்றாவது ஆட்டம். முதல் இன்னிங்ஸிலேயே யாங்கீஸ் 2-0 என்று முன்னிலையில் இருந்தபோது அவர் கிராண்ட் ஸ்லாம் அடித்தார், அதாவது மூன்று பேஸிலும் (ஓடுபவர் நிற்கும் இடங்கள்) ஆள் இருக்கும்போது பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் ஹோம் ரன், ஒரே அடியில் நான்கு ரன். 6-0 ஆனது. கடைசியில் 10-0. அவர் அடிக்காமல் போயிருந்தாலும் யாங்கீஸ் ஜெயித்திருக்கும்.

ஃபிரீமனும் கிராண்ட் ஸ்லாம்தான் அடித்தார். முதல் ஆட்டம், வழக்கமான ஒன்பதைத் தாண்டிய பத்தாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட் (மூன்றாவது விழுந்தால் ஆட்டம் போச்சு), மூன்று பேஸிலும் ஆள், டாட்ஜர்ஸ் 2-3 என்று பின்தங்கியிருக்கிறது. யாங்கீஸின் பிட்சர் (பந்து வீசுபவர்) நெஸ்டர் கோர்டெஸ் அவருக்குப் போட்ட முதல் பந்து. அந்தப் பந்துக்கு முன்னால் டாட்ஜர்ஸ் ஜெயிக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புகூட இல்லை. பந்து வேலியைத் தாண்டியதும் 6-3, ஆட்டம் முடிந்தது. ஆர்பிஐ பத்தியில் இரண்டு அடிக்கும் அதே 4தான்.

ஆக, முதல் தவறு கூட்டிப் பார்ப்பது. எவ்வளவு என்று எண்ணிவிட்டு எப்போது என்று கேட்காமல் விடுவது. 1960 தொடர் இதற்கு ஒரு பாடப்புத்தகம். ஏழு ஆட்டங்களில் யாங்கீஸ் மொத்தம் 55 ரன், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் வெறும் 27. கோப்பை பைரேட்ஸுக்கு! யாங்கீஸ் ஜெயித்த மூன்றும் 16-3, 10-0, 12-0. மொத்தத்தில் பாதிக்கு மேல் மலைபோல் குவிந்த ரன்கள், தேவைக்கு மேலே கொட்டியவை. தோற்ற அணியிலிருந்து எம்விபி வாங்கிய ஒரே ஆள் இன்றுவரை ரிச்சர்ட்சன்தான். தோற்ற அணிக்காரருக்குக் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவருடைய 12 எங்கே விழுந்தது என்று பார்க்காமல் கொடுத்ததுதான் உறுத்துகிறது.

"எப்போது" என்பதை அளக்க ஓர் எண் இருக்கிறது: டபிள்யூபிஏ (Win Probability Added, கூட்டிய வெற்றி வாய்ப்பு). ஒரு பந்துக்கு முன் அணியின் வெற்றி வாய்ப்பு எவ்வளவு, அதற்குப் பின் எவ்வளவு, வித்தியாசம் அந்த வீரர் கணக்கில். அவ்வளவுதான் விஷயம். பிளேஆஃப் (வழக்கமான சீசன் முடிந்து அக்டோபரில் கோப்பைக்காக நடக்கும் ஆட்டங்கள்) எம்விபிக்கு ஆர்பிஐயைவிட இது எவ்வளவோ மேல்.

சரி, டபிள்யூபிஏ கிடைத்துவிட்டது, வேலை முடிந்ததா? அங்கேதான் அடுத்த தவறு. டபிள்யூபிஏ ஒவ்வோர் ஆட்டத்தையும் சமமாக நினைக்கிறது. தொடரில் எல்லா ஆட்டமும் சமம் இல்லை. சமபலமுள்ள இரண்டு அணிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆட்டத்துக்கு முன் இருவருக்கும் கோப்பை வாய்ப்பு 50 சதவீதம். ஜெயித்தவருக்கு அது சுமார் 66 ஆகும், தோற்றவருக்கு 34. நடுவில் ஊசலாடுவது 31, 32 சதவீதம்தான். ஏழாவது ஆட்டத்திலோ ஜெயித்தால் 100, தோற்றால் 0. அதனால் முதல் ஆட்டத்தில் அடித்த அடியே ஏழாவது ஆட்டத்தில் விழுந்தால் மூன்று மடங்குக்கும் மேல் எடை. இந்த எடையையும் சேர்த்துக் கணக்குப் போடுகிற வகைக்கு சாம்பியன்ஷிப் டபிள்யூபிஏ என்று பெயர்.

அந்தக் கணக்கைப் போட்டால் ஒரு வேடிக்கை. 1960 ஏழாவது ஆட்டம் என்றாலே எல்லாருக்கும் பில் மாசரோஸ்கிதான் ஞாபகம் வருவார். ஒன்பதாவது இன்னிங்ஸில் அவர் அடித்த ஹோம் ரன் 10-9 என்று தொடரையே முடித்தது. ஆனால் அவர் மட்டை பிடித்தபோது ஆட்டம் 9-9, சமநிலை. பைரேட்ஸின் கை ஏற்கெனவே ஓங்கித்தான் இருந்தது. எட்டாவது இன்னிங்ஸில், இரண்டு அவுட் ஆன பிறகு, 6-7 என்று பின்தங்கியிருந்தபோது மூன்று ரன் ஹோம் ரன் அடித்து 9-7 ஆக்கியவர் ஹால் ஸ்மித், நடுவில் இறங்கிய மாற்று கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்). சாம்பியன்ஷிப் டபிள்யூபிஏ கணக்கில் மாசரோஸ்கியின் அடியைவிடப் பெரிய அடி அது. அடுத்த அரை இன்னிங்ஸில் யாங்கீஸ் இரண்டு ரன் எடுத்துச் சமன் செய்துவிட்டது, பாவம், ஸ்மித்தை யாரும் நினைப்பதில்லை. கடைசி அடியைப் பெரிய அடி என்று நினைப்பது கண்ணின் பழக்கம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, டபிள்யூபிஏ சொன்னால் வேதவாக்கு என்று எடுத்துக்கொள்வது. 2011, செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கும் டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்கும் ஆறாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ், ரேஞ்சர்ஸ் 7-5 முன்னிலை, இரண்டு அவுட், இரண்டு ஸ்டிரைக் (மூன்று ஸ்டிரைக் விழுந்தால் அவுட்). இன்னும் ஒரு ஸ்டிரைக் விழுந்தால் கோப்பை. கார்டினல்ஸின் டேவிட் ஃபிரீஸ் வலப்பக்கம் ஓங்கி அடித்தார். அங்கே நின்ற நெல்சன் குரூஸ் பின்னால் ஓடினார், ஆனால் தூரத்தைச் சரியாகக் கணிக்கவில்லை. கையை நீட்டிக் குதித்தபோது பந்து கையுறையைத் தாண்டிச் சுவரில் பட்டது. டிரிபிள் (மூன்றாவது பேஸ் வரை ஓடவைக்கும் அடி), இரண்டு ரன், 7-7. டபிள்யூபிஏ இந்த ஊசலாட்டம் முழுவதையும் ஃபிரீஸ் கணக்கில் வரவு வைத்து, பிட்சர் நெஃப்தாலி ஃபெலிஸ் தலையில் அப்படியே பற்று எழுதுகிறது. குரூஸ் பெயரே அதில் வராது. நல்ல கேட்ச் பிடித்தவருக்கும் இதே கதி. பதினொன்றாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தையே முடித்து வைத்தவரும் ஃபிரீஸ்தான், அதனால் அவருக்கு விருது கொடுத்ததில் எனக்கு மறுப்பில்லை. எண்ணைப் படித்த பிறகு வீடியோவையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், அவ்வளவே.

அதே ஃபிரீஸை வைத்து இன்னொரு குழப்பமும் நடக்கும். அவர் அந்த பிளேஆஃப் முழுக்க எடுத்த ஆர்பிஐ 21, வேர்ல்டு சீரிஸில் எடுத்தது 7. விருது வேர்ல்டு சீரிஸுக்கு மட்டும். அக்டோபர் மாத மொத்தத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வாதாடக் கூடாது.

பேட்டிங் சராசரி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரிச்சர்ட்சன் மட்டை பிடித்த 30 முறையில் 11 ஹிட், .367. அதில் ஒரு பந்து நேராக ஃபீல்டர் கைக்குப் போயிருந்தால் .333. ஒரே பந்தில் இவ்வளவு ஆடுகிற எண்ணை வைத்து "பெரிய ஆட்டக்காரர்" என்று முத்திரை குத்த முடியாது. வழக்கமான சீசனில் அந்த வருஷம் முழுக்க அவர் எடுத்த ஆர்பிஐ 26, ஹோம் ரன் ஒன்றே ஒன்று. அதே காரணத்துக்காக, 162 ஆட்டங்களுக்கென்று உருவான வார் (WAR) என்ற, ஒரு வீரரின் மொத்த மதிப்பை அளக்கும் அளவையும் இங்கே இழுத்து வராதீர்கள். யார் நல்ல வீரர் என்று அது சொல்லும். அந்த ஏழு ஆட்டத்தில் யார் என்ன செய்தார் என்பது வேறு கேள்வி. அதில் அதிர்ஷ்டத்துக்கும் இடம் உண்டு.

அப்புறம் பிட்சர்கள். 2014ல் சான் ஃபிரான்சிஸ்கோவின் மேடிசன் பம்கார்னர் ஐந்தாவது ஆட்டத்தை முழுதாக வீசி ஒரு ரன்கூடக் கொடுக்காமல் ஜெயித்தார். இரண்டே நாள் ஓய்வுக்குப் பிறகு, ஏழாவது ஆட்டத்தில் 3-2 முன்னிலையோடு ஐந்தாவது இன்னிங்ஸில் இறங்கி, கடைசி வரை ஐந்து இன்னிங்ஸ் வீசி ஒரு ரன்னும் விடவில்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு பிட்சர் பெயரில் எழுதப்படும் வெற்றி முதலில் அவர் பெயரில் எழுதப்பட்டு, பிறகு ஜெரமி அஃபெல்ட் பெயருக்கு மாறியது. பம்கார்னருக்கு ஒரு சேவ், அதாவது முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்ததற்கான கணக்கு. மூன்று ரன் முன்னிலையில் ஒரே ஓர் இன்னிங்ஸ் வீசியவருக்கும் அதே ஒரு சேவ்தான் போடுவார்கள். வெற்றி, சேவ் என்ற பத்திகளை மறந்துவிட்டு, எத்தனை இன்னிங்ஸ், எந்த நிலைமையில் என்று பாருங்கள்.

1960க்கு என் ஓட்டு யாருக்கு என்று கேட்டால், மாசரோஸ்கிக்குத்தான். ஹால் ஸ்மித் கணக்கையெல்லாம் போட்ட பிறகும். ஸ்மித்தின் அடி தனி அடிகளில் பெரிது, ஆனால் விருது தொடர் முழுமைக்கும். மாசரோஸ்கி முதல் ஆட்டத்திலும் இரண்டு ரன் ஹோம் ரன் அடித்திருந்தார், பைரேட்ஸ் அதை 6-4 என்று இரண்டே ரன்னில் ஜெயித்தது.