பொட்டலம் போய்ச் சேர்ந்தது, வயிற்றுக்குப் போனதா? கர்ப்பிணிகளுக்கான உணவு உதவியில் நடக்கும் தவறுகள்

"சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டால், பசியோடு இருக்கும் பெண்ணும் "சாப்பிட்டேன்" என்றுதான் சொல்வார். முதல் தவறு இந்தக் கேள்விதான். அதுவும் வீட்டார் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் உண்மை வெளிவரவே வராது. தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள்: "பணம் வருவதற்குள் வீட்டுச் சாமான் தீர்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டதுண்டா?" "சாமான் தீர்ந்து, மறுபடி வாங்க முடியாமல் போனதுண்டா?" "நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்னென்ன சாப்பிட்டீர்கள்?" மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில் பெரும்பாலும் எல்லாம் தெரிந்துவிடும்.

வயிறு நன்றாகத் தெரிகிறது, ஆகவே சத்துக்குக் குறைவில்லை என்று பார்வையாலேயே முடிவு செய்வதும் தவறு. கர்ப்பத்துக்கு முந்தைய எடை தெரியாதவர்களுக்கு மேற்கை அளவு உதவும். கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, தோள் நுனிக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் நாடாவைச் சுற்றவேண்டும். தோலை அழுத்தக் கூடாது, இடைவெளியும் விழக் கூடாது. 23 செ.மீ.க்குக் கீழே இருந்தால் கூடுதல் உணவு தேவை என்று பல திட்டங்கள் எடுத்துக்கொள்கின்றன. கர்ப்பம் வளர்ந்தாலும் இந்த அளவு அதிகம் மாறாது என்பதால் 8ஆம் மாதத்தில் வருபவரையும் இதை வைத்துக் கணிக்கலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, ஒருவருக்கான பங்கைப் பசித்த குடும்பத்துக்குள் அனுப்பிவிட்டு அது அவருக்கே போய்ச்சேரும் என்று நம்புவது. கணக்கைப் பாருங்கள். கர்ப்பத்தின் நடு மாதங்களில் நாளுக்குச் சுமார் 340, கடைசி மாதங்களில் சுமார் 450 கிலோகலோரி கூடுதலாக வேண்டும். 50 கிராம் தானிய மாவு, 30 கிராம் பருப்பு, 10 மி.லி. எண்ணெய், ஒரு முட்டை கொடுத்தால் ஏறக்குறைய 430 கிலோகலோரியும் 18 கிராம் புரதமும் கிடைக்கும். மாதத்துக்கு 1.5 கிலோ மாவு, 900 கிராம் பருப்பு, 300 மி.லி. எண்ணெய், 30 முட்டை. காகிதத்தில் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 5 பேர் உள்ள வீட்டில் அது ஒரே பானையில் விழும்போது அவர் பங்குக்கு வருவது 86 கிலோகலோரி. கிட்டத்தட்ட ஒரே ஒரு முட்டை!

"நீங்கள் மட்டும் சாப்பிடுங்கள்" என்று அறிவுரை சொல்வதில் பயனில்லை. பக்கத்தில் பிள்ளை பசியோடு பார்த்துக்கொண்டிருக்க எந்தத் தாய்க்கும் சோறு இறங்காது. வழி இரண்டுதான். குடும்பத்துக்கான பங்கையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். அல்லது சமைத்த உணவை அங்கேயே உட்காரவைத்துப் பரிமாறவேண்டும், கூட வரும் குழந்தைக்கும் ஒரு தட்டு வைத்து. நிதி குறைவு என்றால், எண்ணிக்கையைக் கூட்டி எல்லோருக்கும் அரைகுறையாகக் கொடுப்பதைவிட, மெலிந்திருப்பவர்களைத் தேர்ந்து அவர்களுக்கு முழுமையாகக் கொடுப்பது நல்லது என்பதே எங்கள் கருத்து.

பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பதிலும் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. வெறும் தானியத்தை மூட்டையாகக் கொடுத்தால் வயிறு நிரம்பும், சத்து நிரம்பாது. மறுபக்கம், விலை உயர்ந்த புரதப் பொடி டப்பாக்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல், ஊட்டக்குறைவு பரவலாக உள்ள இடங்களில் ஆற்றலும் புரதமும் சமநிலையில் உள்ள உணவைப் பரிந்துரைக்கிறது; மொத்த ஆற்றலில் புரதத்தின் பங்கு 25 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். அதிகப் புரதக் கலவைகள் வேண்டாம் என்கிறது. ஆற்றல் போதாத உடம்பு புரதத்தையே எரித்துத் தீர்த்துவிடும். மேலே சொன்ன கலவையில் புரதத்தின் பங்கு 17 சதவீதம்தான்.

அடுத்தது இரும்புச்சத்து மாத்திரை. வாங்கிப்போன அட்டை பாதிகூடப் பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடப்பதற்கு அலட்சியம் காரணமல்ல. காலையில் வெறும் வயிற்றில் விழுங்கியவருக்குக் குமட்டல் வருகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, பயந்து நிறுத்திவிடுகிறார். கறுப்பாகத்தான் போகும், ஆபத்தில்லை என்று முதல் நாளே சொல்லிவிடவேண்டும். குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கும் முன் போடலாம். தேநீரும் காபியும் இரும்பை உடம்பில் ஏறவிடாமல் தடுக்கும் என்பதால் முன்னும் பின்னும் ஓரிரு மணி நேர இடைவெளி வேண்டும். புளிப்புப் பழம் கூட இருந்தால் இரும்பு நன்றாக ஏறும். கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒரே வாயில் போடச் சொல்வது அன்றாடம் நடக்கும் தவறு. அவற்றுக்கிடையே சில மணி நேரம் தேவை.

அட்டையில் அச்சிட்ட எண்ணிலும் குழப்பம் உண்டு. ஒரு நாளைக்குத் தேவை 30 முதல் 60 மி.கி. இரும்பு, கூடவே 0.4 மி.கி. ஃபோலிக் அமிலம். 300 மி.கி. ஃபெரஸ் சல்ஃபேட் என்ற இரும்பு உப்பில் இருக்கும் இரும்பு 60 மி.கி. மட்டுமே. 15 சத்துகள் சேர்ந்த கூட்டு மாத்திரையிலோ இரும்பு ஏற்கெனவே 30 மி.கி. இருக்கும்; அதோடு தனி இரும்பும் வேண்டுமா என்பதை மருத்துவரோ செவிலியரோ சொல்லட்டும். மாத்திரை எதுவானாலும் சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டவே கூடாது. மிட்டாய் என்று நினைத்து அள்ளித் தின்ற குழந்தைகள் உயிரிழந்திருக்கிறார்கள்.

5ஆம் மாதத்துக்கு மேல்தான் பெயர் பதிவோம் என்பதும் விலை கொடுக்கவேண்டிய தவறு. கரு உருவாகி 28 நாளுக்குள் சிசுவின் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரும் நரம்புக்குழல் மூடிவிடுகிறது. ஃபோலிக் அமிலம் அதற்கு முன்பே உடம்பில் இருக்கவேண்டும். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தபோது, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பட்டினி கிடந்த தாய்மாருக்குக் குழந்தைகள் எடை குறைந்து பிறந்தன. முதல் மாதங்களில் பட்டினி கிடந்தவர்களின் குழந்தைகளோ சராசரி எடையோடு பிறந்தும், பெரியவர்களான பின் இதய நோய்க்கு அதிகம் ஆளானார்கள். பிறப்பு எடையை மட்டும் பார்த்துத் திட்டம் வெற்றி என்று எழுதிக்கொள்ள முடியாது.

வீட்டு அடுப்பையும் கேட்டுத்தான் பொட்டலம் கட்டவேண்டும். எரிபொருள் இல்லாதவருக்கு ஒரு மணி நேரம் வேகும் பருப்பைக் கொடுத்து என்ன பயன்? வறுத்து அரைத்த மாவு கொடுங்கள். வாந்தி அதிகமுள்ள மாதங்களில் உலர்ந்த பண்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கும். கடைசி மாதங்களில் இரைப்பையில் இடமிருக்காது, ஆகவே 5, 6 வேளையாகப் பிரித்துச் சாப்பிடட்டும். மண், சாம்பல், பச்சை மாவு தின்பதாகச் சொன்னால் திட்டாதீர்கள். இரத்தசோகையோடு சேர்ந்து வரும் பழக்கம் அது, பரிசோதனைக்கு அனுப்புங்கள். பல நாள் முழுப்பட்டினி கிடந்தவருக்குத் திடீரென்று வயிறு முட்டக் கொடுப்பது உயிருக்கே ஆபத்து. அவர் போகவேண்டியது மருத்துவமனைக்கு.

பிரசவத்தன்று உணவு உதவி அட்டையை ரத்து செய்யும் திட்டங்களும் உண்டு. தாய்ப்பால் கொடுப்பவருக்கு நாளுக்குச் சுமார் 500 கிலோகலோரி கூடுதலாக வேண்டும், அதாவது கர்ப்பகாலத்தைவிட அதிகம். கரு தங்காமல் போனவரிடமிருந்தும் அட்டையைத் திரும்ப வாங்காதீர்கள். இரத்தமும் இழந்து பிள்ளையையும் இழந்து வந்து நிற்பவரின் பெயருக்கு நேரே முடிவுத் தேதியை எழுதாமல், அடுத்த சில மாதப் பங்கையும் அதே வரிசையில் அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.