பிளக்கைப் பிடுங்காமல் பலகையை அணைக்க

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகையை நிறுத்த வேண்டுமென்றால் அப்பா பிளக்கைப் பிடுங்கிவிடுவார். மூன்றாவது மெமரி அட்டையும் பழுதான பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. ஒரு பொத்தான் வைத்தேன்.

அழுத்தினால் தொட்டு, விட்டால் விலகும் சாதாரணப் பொத்தான் போதும். அதன் இரு வயர்களையும் பலகையின் 5ஆம், 6ஆம் ஊசிகளில் (பின்) மாட்டுங்கள். எண்ணும்போது கவனம்: பலகையின் விளிம்பை ஒட்டிய வரிசையில் முதல் இரண்டும் 5 வோல்ட், மூன்றாவதுதான் 6ஆம் ஊசி; அதற்கு நேரே உள்வரிசையில் இருப்பது 5ஆம் ஊசி. ஓர் ஊசி தவறினால் பலகையே போய்விடும். தனியாக ரெசிஸ்டர் தேவையில்லை, பலகையிலேயே இருக்கிறது.

அடுத்து, மெமரி அட்டையின் பூட் பகுதியிலுள்ள கான்ஃபிக் (அமைப்பு) கோப்பின் கடைசியில் ஒரே வரி: dtoverlay=gpio-shutdown. எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல். மறுதொடக்கம் செய்தபின் ஓர் அழுத்தலில் பலகை முறையாக அணையும், மறு அழுத்தலில் எழும். 2023இல் வந்த 5ஆம் பதிப்பில் பொத்தான் கூடவே வருகிறது. அதை வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை இல்லை.

5ஆம் ஊசியில் ஏற்கெனவே ஐ2சி (இரு வயரில் தகவல் அனுப்பும் முறை) சென்சர் இருந்தால் அந்த வரியில் வேறு ஊசியைக் குறிப்பிடலாம். அப்போது பொத்தான் பலகையை அணைக்கும், ஆனால் எழுப்பாது.

மலிவுப் பொத்தான் வாங்காதீர்கள். எங்கள் கடற்காற்றில் என் முதல் பொத்தானின் தகடு சில மாதங்களில் பச்சை பூத்துவிட்டது. நீர் புகாத வகையே நிற்கிறது.